அலையை எடைபோட்டவர்

கோடைக்காலத்தில் ‘நுங்கம்பாக்கத்தில் 41 டிகிரி’ என்று செய்தி வாசிக்கும்போது, அது வெயிலின் சூடு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது நிழலில் எடுக்கப்படும் அளவு. வானிலை நிலையத்தின் திறந்த தரையில், ஏறத்தாழ நான்கடி உயரக் கால்களின் மேல் வெள்ளை வண்ணம் பூசிய மரப்பெட்டி ஒன்று நிற்கும். நான்கு பக்கச் சுவர்களும் ஜன்னல் சட்டங்கள்போல் சாய்வாக அடுக்கிய பலகைகளால் ஆனவை. நம் நாட்டில் அதன் கதவு வடக்கு பார்த்துத் திறக்கும். உள்ளே நான்கு வெப்பமானிகள் இருக்கும்: காற்றின் வெப்பத்தைக் காட்ட ஒன்று, ஈரப்பதம் அறிய ஈரத்துணி சுற்றிய ஒன்று, நாளின் உச்சத்தையும் தாழ்வையும் குறித்து வைக்க இரண்டு. அந்தப் பெட்டிக்கு ஸ்டீவன்சன் திரை என்று பெயர்.

பார்க்க எளிமையான பெட்டிதான். அது தீர்த்து வைத்த சிக்கல் எளிமையானதல்ல. வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது சூரியக் கதிரை நேரடியாக விழுங்கிச் சூடாகிவிடும். பிறகு அது காட்டுவது காற்றின் வெப்பத்தை அல்ல, தன் சொந்த வெப்பத்தை. இரவில் திறந்த வானத்தின் கீழ் வைத்தால் தன் வெப்பத்தை வானுக்குக் கதிராக இழந்து, காற்றைவிடக் குளிர்ந்து போகும். தரையிலிருந்து எழும் கதிர்வீச்சு இன்னொரு தொல்லை. மூடிய பெட்டிக்குள் வைத்தாலோ, உள்ளே தேங்கி நிற்கும் காற்றை மட்டுமே அளக்கும். கதிர் உள்ளே வரக்கூடாது, காற்று தடையில்லாமல் வந்து போக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே சுவர் செய்தாக வேண்டும்.

1864-ல் எடின்பரோவைச் சேர்ந்த ஒரு பொறியாளர் அதற்கு விடை கண்டார். சாய்வுப் பலகைகளை ஒரு வரிசையாக வைக்காமல், இடைவெளி விட்டு இரண்டு வரிசையாக, எதிரெதிர்ச் சாய்வில் வைத்தார். எந்தத் திசையிலிருந்து வரும் கதிரும் ஏதாவது ஒரு பலகையில் முட்டியே தீரும். வெளிப்பலகை சூடானாலும், இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். உள்பலகை காற்றின் வெப்பத்திலேயே நிற்கும். பின்னாளில் மற்றவர்கள் கூரையிலும் அடித்தட்டிலும் திருத்தங்கள் செய்தார்கள். அடிப்படை மாறவில்லை. இந்தப் பெட்டி வருவதற்கு முன் ஒருவர் வெப்பமானியை வடக்குச் சுவரில் மாட்டுவார். இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவார். ஓர் ஊரின் எண்ணை இன்னோர் ஊரின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை. ஒரே மாதிரிப் பெட்டிகள் பரவிய பிறகுதான் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிந்தது. புவி சூடாகிறது என்று இன்று உறுதியோடு சொல்கிறோம் என்றால், அந்த உறுதிக்கு அடியில் இந்த வெள்ளைப் பெட்டிகளின் நீண்ட வரிசை இருக்கிறது.

அந்தப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை.

மகனை உலகம் அறியும். தந்தையின் பெயர் ஒரு பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதை எழுதியவரை நினைவுகூர அவர் கதையைப் படித்தால் போதும். பொறியாளரை நினைவுகூர அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. அவர் செய்த கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால்தான் அவர் எதைப் பார்த்தார், எதற்குக் கவலைப்பட்டார், யாரைக் காக்க நினைத்தார் என்பது தெரியும். அதனால் இந்த அத்தியாயம் ஒரு தந்தையின் வாழ்க்கையை அவர் கருவிகளின் வழியாகவே சொல்லப் பார்க்கிறது.

விளக்குக் குடும்பம்

தாமஸ் 1818 ஜூலை 22 அன்று எடின்பரோவில் பிறந்தார். தந்தை ராபர்ட் ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலில் பெல் ராக் கலங்கரை விளக்கத்தை எழுப்பியவர். ஓதம் ஏறினால் முற்றிலும் மூழ்கிப்போகும் பாறையின் மேல் நின்ற அந்த விளக்கு, 1811-ல் முதன்முதலாக ஒளி வீசியது. மூத்த அண்ணன் ஆலன், மேற்குக் கடலில் டைரீ தீவுக்குத் தென்மேற்கே உள்ள ஸ்கெரிவோர் பாறையில் கோபுரம் கட்டினார். 1844-ல் அதில் விளக்கேறியது. இன்னொரு அண்ணன் டேவிட்டும் பொறியாளர். கடைசிப் பிள்ளையான தாமஸ் அதே தொழிலுக்குள் வந்தார்.

அவருக்குக் கணிதம் வரவில்லை. பள்ளிப் படிப்பையும் விரும்பவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் ஒளியியல் கருவிகளுக்கான கணக்குகளை இயற்பியலாளர்களான ஸ்வான், டெய்ட் ஆகிய நண்பர்களிடம் கேட்டுப் போட்டுக்கொண்டார். அவரிடம் இருந்தது வேறொரு திறமை: இயற்கையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பது. கடற்கரைக்குப் போனால் அலை எங்கே திரும்புகிறது, எங்கே உடைகிறது, எந்தக் கல்லை உருட்டுகிறது என்று பார்த்தபடியே நிற்பார். அந்தப் பார்வையிலிருந்துதான் அவருடைய முதல் பெரிய கேள்வி பிறந்தது.

அலையின் எடை

கடலுக்குள் சுவர் கட்டுகிறவருக்கு ஒரு எண் வேண்டும். அலை எவ்வளவு வலுவாக அடிக்கும்? காற்றுக்கு, பாலத்தின் மேல் போகும் வண்டிக்கு, அணையில் தேங்கும் நீருக்கு ஏதோ ஒரு கணக்கு இருந்தது. அலைக்கு நம்பத்தகுந்த அளவு எதுவும் பொறியாளர்கள் கையில் இல்லை. பழைய சுவர் எது நின்றது, எது விழுந்தது என்ற அனுபவத்தை வைத்துத்தான் கட்டினார்கள்.

1840-களின் தொடக்கத்தில், இருபதுகளின் நடுவில் இருந்த தாமஸ், அலை விசைமானி ஒன்றைச் செய்தார். வார்ப்பிரும்பு உருளை ஒன்றைப் பாறையில் போல்ட் போட்டு இறுக்குவது. அதன் முகப்பில் கடலைப் பார்த்தபடி வட்டத் தட்டு. தட்டின் பின்னால் உருளைக்குள் நீளும் கம்பிகள். நடுவே வலுவான எஃகு ஸ்பிரிங். அலை தட்டை அடித்ததும் ஸ்பிரிங் இழுபடும், கம்பிகள் பின்னால் நகரும். அலை போனதும் தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்படியானால் எவ்வளவு தூரம் போய் வந்தது என்பதை எப்படி அறிவது? புயலின் நடுவில் பாறை மேல் ஆள் நின்று பார்க்க முடியாதே. கம்பிகளில் தோல் வளையங்களைக் கோத்தார். கம்பி பின்னால் போகும்போது வளையம் அதன்மேல் வழுக்கி நகரும். கம்பி திரும்பினாலும் வளையம் புதிய இடத்திலேயே இறுக்கமாக நிற்கும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில் பாதரசம் உச்சத்திலேயே நின்றுவிடுவதைப் போல, அந்த வளையம் புயலின் மிகப்பெரிய அடியைத் தன் இருப்பிடத்தால் சொல்லும். கடல் அடங்கியபின் ஒருவர் போய் அளந்தால் போதும்.

ஸ்கெரிவோரில் கிடைத்த எண்கள் பொறியியலுக்கே புதியவை. கோடை மாதங்களின் சராசரி, ஒரு சதுர அடிக்கு 611 பவுண்டு. இன்றைய அளவில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன். குளிர்கால மாதங்களில் 2,086 பவுண்டு, அதாவது சுமார் 10 டன். 1845 மார்ச் 29 அன்று ஒரு பெரும்புயலில் 6,083 பவுண்டு பதிவானது. சதுர மீட்டருக்கு 30 டன்னை நெருங்கும் அளவு. வட கடலில் உள்ள பெல் ராக்கில் கிடைத்த உச்சம் 3,013 பவுண்டு, ஏறத்தாழ அதில் பாதி.

இந்த எண்களின் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். அசையாத கடல்நீர் சதுர மீட்டருக்கு 30 டன் அழுத்த வேண்டுமென்றால், சுமார் 29 மீட்டர் ஆழம் வேண்டும். ஸ்கெரிவோரில் வந்த அலை அவ்வளவு உயரமில்லை. எனவே அந்த விசை நீரின் எடையிலிருந்து வரவில்லை. ஓடிவந்த நீர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தடுத்து நிறுத்தப்படுவதிலிருந்து வந்தது. அலை அழுத்துகிறது என்பதைவிட, அலை மோதுகிறது என்பதே சரி.

இந்தக் கருவிக்கு எல்லையும் உண்டு. சிறு தட்டு ஒன்றின் மேல் கணநேரம் விழும் உச்ச அடியை, நூறு மீட்டர் சுவருக்கு அப்படியே பெருக்கிவிட முடியாது. சுவர் முழுவதிலும் ஒரே கணத்தில் அந்த உச்சம் விழுவதில்லை. ஸ்பிரிங்கின் சொந்த அசைவும் அளவுக்குள் கலந்துவிடும். இருந்தாலும் ‘கடல் வலியது’ என்ற வாக்கியத்துக்குப் பதிலாக, எண்ணும் தேதியும் இடமும் கொண்ட ஒரு பதிவு முதன்முறையாகக் கிடைத்தது.

ஏன் ஒரு கடலின் அலை இன்னொரு கடலின் அலையைவிடப் பெரியது? தாமஸ் அடுத்து அதைக் கேட்டார். துறைமுகங்களிலும் ஏரிகளிலும் அலையின் உயரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு விதியைக் கண்டார். காற்று தடையில்லாமல் நீரின் மேல் ஓடிவரும் தூரத்தைக் கடல் மைலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கினால், பெரும் புயலில் எழும் அலையின் உயரம் அடியில் கிடைக்கும். 100 கடல் மைல் திறந்த நீர் இருந்தால் 15 அடி அலை. 400 கடல் மைல் இருந்தால் 30 அடி. தூரம் நான்கு மடங்கானால் உயரம் இரண்டு மடங்குதான் ஆகும். குறுகிய நீர்ப்பரப்புகளுக்குத் தனியே ஒரு திருத்தமும் கொடுத்தார்.

இராமேசுவரத்து மீனவர்கள் பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. ஒரு பக்கம் நிலம் நெருங்கிச் சூழ்ந்த ஆழமில்லாத நீர். மறுபக்கம் தெற்கே இந்தியப் பெருங்கடல்வரை திறந்து கிடக்கும் நீர். தலைமுறைகளாகப் படகில் அறிந்த அந்த வேறுபாட்டுக்குள் தாமஸின் வர்க்கமூலமும் அடங்கியிருக்கிறது. காற்றின் வேகமும் அது எவ்வளவு நேரம் வீசியது என்பதும் அவருடைய விதியில் இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது, படைகளைக் கரையிறக்குவதற்காக அலையை முன்கூட்டிச் சொல்ல வேண்டி வந்தபோது ஸ்வெர்ட்ரப், மங்க் ஆகியோர் அந்த இரண்டையும் சேர்த்தார்கள். ஆனால் தூரம் என்ற முதல் தூணை நட்டு வைத்தவர் தாமஸ்.

ஒளி வீணாகாமல்

அலையை அளந்தது கோபுரம் நிற்பதற்காக. கோபுரம் நிற்பது விளக்குக்காக. அவருடைய மனம் மிக அதிகமாகத் தோய்ந்திருந்தது அந்த விளக்கில்தான்.

சுடர் எல்லாத் திசையிலும் ஒளி வீசும். மாலுமிக்கு வேண்டியதோ கடலை நோக்கிய ஒளி மட்டும். மேலே வானுக்கும், கீழே பாறைக்கும், பின்னால் நிலத்துக்கும் போகும் ஒளி எரிந்தும் பயனில்லாத எண்ணெய். பழைய முறையில் சுடருக்குப் பின்னால் பரவளைய வடிவில் வெள்ளி பூசிய தகடு இருந்தது. தகட்டில் பட்ட ஒளி இணைகதிராகக் கடலை நோக்கிப் போனது. தகட்டில் படாமல் முன்புறமாக வெளியேறிய ஒளியோ விரிந்து சிதறியது. 1820-களில் பிரான்சின் அகஸ்டின் ஃபிரெனெல், படிப்படியாக அறுத்த பெரிய கண்ணாடி வில்லைகளைக் கொண்டுவந்து கலங்கரை விளக்கத்தின் வரலாற்றையே மாற்றினார். ஆனால் சுழலும் விளக்குகளில் வில்லை பிடிக்காத கதிர்களுக்கு இன்னும் நல்ல தீர்வு இல்லை.

1849-ல் தாமஸ் ஒரு நேரான கேள்வி கேட்டார்: சுடரிலிருந்து கிளம்பும் எல்லாக் கதிரையும் ஒரே கற்றைக்குள் கொண்டுவர முடியாதா? முன்னால் ஒரு வில்லை வைத்தார். வில்லையைத் தாண்டிப் பக்கவாட்டில் போகும் கதிர்களுக்குச் சுற்றிலும் பரவளையத் தகட்டின் ஒரு பகுதி. பின்னால் போகும் கதிர்களுக்குக் கோள ஆடி. அது கதிர்களைச் சுடருக்கே திருப்பி, சுடர் வழியாக வில்லைக்கு அனுப்பும். எந்தக் கதிருக்கும் தப்பிக்க வழியில்லை.

அடுத்து உலோகத்தையே விலக்கிவிட்டார். உலோகம் எவ்வளவு பளபளத்தாலும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும், உப்புக்காற்றில் மங்கும். கண்ணாடிக்குள் செல்லும் ஒளி, போதிய சாய்வோடு எதிர்ப்பக்கத்தைத் தொட்டால், வெளியேறாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் படிக்கும் முழு அக எதிரொளிப்பு இதுதான். இதைக் கொண்டு சுடருக்குப் பின்னால் முப்பட்டக வளையங்களை அடுக்கினார். கதிர் கண்ணாடிக்குள் நுழைந்து, இரண்டு முகங்களில் அடுத்தடுத்துத் திரும்பி, வந்த வழியே சுடருக்குப் போகும். எந்தப் பூச்சும் இல்லாத தெளிந்த கண்ணாடி, ஆடியின் வேலையைச் செய்தது.

எல்லா இடத்திலும் கடல் ஒரே வடிவில் இருப்பதில்லை என்பதையும் அவர் மறக்கவில்லை. ஸ்கை தீவின் பக்கத்தில் ஒரு நீண்ட குறுகிய நீரிணை. அங்கே மேலும் கீழும் தொலைதூரம் ஒளி தேவை. குறுக்கே சிறிது போதும். நிலத்தின் பக்கம் போகும் ஒளியை எடுத்து, நீரிணையின் நெடுக்கே தேவைக்கேற்பப் பங்கிட்டுத் தரும் முப்பட்டக அமைப்பை 1857-ல் ஐல் ஓரன்சேயில் நிறுவினார். ஸ்டோர்னோவே துறைமுகத்தில் இன்னும் வியப்பான ஏற்பாடு. நீருக்குள் இருக்கும் ஆபத்தான பாறையில் விளக்கேற்றிப் பராமரிக்க ஆள் வைப்பது கடினம். பாறையின் மேல் முப்பட்டகம் பொருத்திய கம்பத்தை மட்டும் நட்டு, கரையில் உள்ள விளக்கிலிருந்து ஒரு கற்றையை அதன்மேல் விழச் செய்தார். கப்பலிலிருந்து பார்ப்பவருக்குப் பாறையிலேயே விளக்கு எரிவதாகத் தோன்றும்.

இவற்றுக்கெல்லாம் அவர் காப்புரிமை வாங்கவில்லை. அரசுப் பணியில் இருப்பவரின் கண்டுபிடிப்பு நாட்டுக்கு உரியது என்பது ஸ்டீவன்சன் குடும்பத்தின் நெறி. அதனால் அந்த அமைப்புகள் விலையில்லாமல் கடல் கடந்து பரவின. பெயர் மட்டும் கூடவே போகவில்லை.

கதவுக்கு அப்பால் ஒரு குரல்

தாமஸுக்கும் மார்கரெட் பால்ஃபருக்கும் 1848-ல் திருமணம். 1850 நவம்பர் 13 அன்று ஒரே மகன் பிறந்தான். வீட்டில் அவனை லூயி என்றார்கள். நெஞ்சு பலவீனமான பிள்ளை. எடின்பரோவின் நீண்ட குளிர்காலங்களில் இருமலும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. இரவில் பயங்கரக் கனவுகள் கண்டு அலறி எழுவான்.

அந்த இரவுகளில் தந்தை வந்து, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார். குதிரை வண்டிக்காரரிடம் வழி கேட்பார். சத்திரக்காரரிடம் வாடகை பேசுவார். காவலாளியின் குரலில் பதில் சொல்வார். பிள்ளையின் கவனம் கனவிலிருந்து அந்தப் பேச்சுக்கு நகரும்; மெல்ல உறங்கிப்போவான். தாமஸ் தானும் அப்படித்தான் உறங்குவார்: வாழ்நாள் முழுக்க ஒவ்வோர் இரவும் கப்பல்கள், சாலையோரச் சத்திரங்கள், கொள்ளையர், கிழட்டு மாலுமிகள் என்று தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டே கண்ணயர்வார் என்று மகன் பின்னாளில் எழுதினான்.

பகலில் ஆற்றங்கரை. ட்வீட் ஆற்றோரமும் அதன் கிளையாறுகளின் ஓரமும் மகனை அழைத்துப்போய் மாலை முழுக்க நிற்பார். இந்தக் கரையைக் கொஞ்சம் வெட்டினால் நீர் எங்கே திரும்பும்? அந்தப் பாறையை எடுத்துவிட்டால் மணல் எங்கே சேரும்? மகனுக்கு அது அழகான ஆறு, அவ்வளவுதான். சலிப்போடு நிற்பான். தனக்கு மிகவும் பிரியமானதைப் பிள்ளைக்குக் கொடுக்க முயன்று அது ஏற்கப்படாமல் போன அந்த மாலைகள், தந்தைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது தந்தை போன பிறகுதான் மகனுக்கு உறைத்தது.

அப்போதும் அவர் விடவில்லை. 1867-ல் லூயி பொறியியல் படிக்கச் சேர்ந்தான். 1868-ல் விக் துறைமுகப் பணிக்குப் போனான். செம்புத் தலைக்கவசம் அணிந்து கடலடியில் இறங்கினான். 1870-ல் தாமஸும் டேவிட்டும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த டூ ஹார்டாக் கலங்கரை விளக்கத்தின் பணித்தளமான எர்ரெய்ட் தீவில் தங்கினான். அந்தத் தீவும் சுற்றியுள்ள பாறைகளும் பின்னர் அவனுடைய நாவல் ஒன்றில் வந்தன. 1871 மார்ச்சில், விட்டுவிட்டு ஒளிரும் விளக்குக்கான புதிய அமைப்பைப் பற்றி ஓர் அறிவியல் சங்கத்தில் கட்டுரை வாசித்தான். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தந்தையின் கனவு கைகூடியதுபோல் இருந்தது. அந்தக் கட்டுரை வாசித்த இரண்டு வாரத்துக்குள், ஏப்ரல் 8 அன்று நடந்துபோகும்போது, தனக்கு எழுத்துதான் வேண்டும் என்றான் லூயி.

தாமஸ் சினந்து கத்தவில்லை. பிழைப்புக்கு ஒரு பட்டம் இருக்கட்டும், சட்டம் படி என்றார். இருவருக்கும் நடுவே உண்மையான முறிவு 1873 தொடக்கத்தில் வந்தது. ஆழ்ந்த சமயப்பற்று கொண்ட தந்தையிடம், தனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்று மகன் ஒப்புக்கொண்டான். தன் வாழ்வே தோற்றுப்போனதாகத் தாமஸ் சொன்னார். அந்த வீட்டில் பல மாதங்கள் துயரம் கனத்துக் கிடந்தது.

ஆனால் 1880-ல், அமெரிக்காவில் நோயும் வறுமையுமாகக் கிடந்த மகனுக்கு ஒரு தந்தி போனது: ஆண்டுக்கு 250 பவுண்டு உனக்கு உண்டு. மகனின் திருமணத்தை முதலில் ஏற்காதவர், மருமகள் வந்தபின் அவர்மேல் பெரும் அன்பு வைத்தார்; 1885-ல் அவருக்காகப் போர்ன்மத்தில் வீடு வாங்கிக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு மகன் வைத்த பெயர் ஸ்கெரிவோர்.

1881 கோடையில் பிரேமாரில் மகன் ஒரு தீவின் வரைபடத்தைப் போட்டு, கதையைத் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினான். அறுபதைத் தாண்டிய தாமஸ் சிறுவனைப்போல் அதில் கலந்துகொண்டார். மாலுமி பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, உள்ளே என்னென்ன இருக்கும் என்று ஓர் உறையின் பின்புறம் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். அந்தப் பட்டியலை மகன் அப்படியே கதையில் வைத்தான். கொள்ளைக்காரன் ஃபிளின்ட்டின் கப்பலுக்கு ‘வால்ரஸ்’ என்ற பெயரும் அவர் கேட்டு வைத்ததே. ‘புதையல் தீவு’ வாசித்த ஒவ்வொருவரும், அறியாமலேயே தாமஸின் எழுத்தையும் கொஞ்சம் வாசித்திருக்கிறார்கள்.

விக்கில் கடல் வென்றது

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள விக், நெத்திலிபோல் கூட்டங்கூட்டமாக வரும் ஹெர்ரிங் மீனுக்குப் பெயர்போன ஊர். புயலில் படகுகளுக்கு ஒதுங்க இடம் வேண்டும். 1863-ல் ஸ்டீவன்சன் சகோதரர்கள் அங்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். கட்டக் கட்டக் கடல் பெயர்த்தது.

1872 டிசம்பரில் வந்த புயல் மறக்க முடியாதது. சுவரின் முனையில் சிமென்ட் கலவையால் ஒரே கட்டியாக வார்த்த 800 டன் எடைப் பாளம் இருந்தது. கீழே இருந்த பெருங்கற்களோடு அதைத் தடித்த இரும்புக் கம்பிகளால் பிணைத்திருந்தார்கள். பணித்தளப் பொறியாளர் கரைக்குன்றின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பாளமும் அதன் அடிக்கற்களுமாக 1,350 டன் ஒன்றாகவே திரும்பி, நகர்ந்து, உள்பக்கம் விழுந்தது. அதற்குப் பதிலாக 2,600 டன் எடையில் இன்னொன்று வைத்தார்கள். 1877-ல் அதையும் கடல் கொண்டுபோனது. துறைமுகம் முடியவில்லை.

எடையைக் கூட்டினால் நிற்கும் என்பது இயல்பான நம்பிக்கை. ஆனால் கடலுக்குள் இருக்கும் கல் தன் எடையில் ஒரு பங்கை நீருக்கு இழந்துவிடுகிறது. அலை முன்னாலிருந்து தள்ளுவதோடு, இடுக்குகளில் புகுந்த நீர் அடியிலிருந்து மேலே தூக்கவும் செய்கிறது. செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலை அடுத்த அலையோடு சேர்ந்து உயர்கிறது. இவை ஒரே கணத்தில் கூடும்போது என்ன ஆகும் என்பதைக் கணக்கிடும் அறிவு அடுத்த நூற்றாண்டில்தான் முழுமையாக வந்தது.

தாமஸ் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. துறைமுகக் கட்டுமானம் பற்றி 1864-ல் வெளிவந்த அவருடைய நூலின் பிந்தைய பதிப்பில், எத்தனை டன் எப்படி நகர்ந்தது என்று அளவுகளோடு எழுதிவைத்தார். விக்கின் எண்கள் அதன்பின் கடல் பொறியியல் நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டன. தன் வாழ்வின் பெருந்தோல்வியைப் பிறர் பயன்படுத்தும் தரவாக மாற்றித் தந்த நேர்மையை, அவருடைய எந்த விளக்குக்கும் குறையாத கொடையாகவே நான் மதிக்கிறேன். அடுத்து வேறெங்கோ கட்டப்படும் சுவரின் பின்னால் எத்தனை படகுகள் ஒதுங்கப் போகின்றன என்று அறிந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

மகன் எழுதியது

தாமஸ் 1887 மே 8 அன்று எடின்பரோவில் இறந்தார். கடைசி நாட்களில் மனம் மங்கியிருந்தது. வந்து நின்ற மகனை அடையாளம் தெரியவில்லை. லூயியும் நோயுற்றிருந்ததால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. சில வாரங்களில் தந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார்.

அதில் தந்தையின் கோபத்தையும் இளகிய மனத்தையும், நாய்களிடம் காட்டிய பிரியத்தையும் எழுதுகிறார். ஆனால் அதற்குமுன் அலையையும் ஒளியையும் வெப்பமானிப் பெட்டியையும் எழுதுகிறார். ஜெர்மனியில் பெரிதாக மதிக்கப்பட்டவரைச் சொந்த ஊர் சரியாக அறியவில்லை என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. தென் அமெரிக்கப் பக்கம் போன நண்பர் ஒருவரிடம் பெரு நாட்டுக்காரர் ஒருவர், ‘எழுத்தாளர் ஸ்டீவன்சனைத் தெரியுமா, அவர் நூல்களுக்கு எங்கள் நாட்டில் பெருமதிப்பு’ என்ற பொருளில் கேட்டாராம். கதையாசிரியரைத்தான் சொல்கிறார் என்று நண்பர் நினைத்தார். பெரு நாட்டுக்காரர் அந்தக் கதைகளைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் சொன்னது பொறியாளரின் நூல்களை. மகன் இதைப் பெருமையோடு பதிவு செய்கிறார்.

ஆற்றங்கரையில் சலிப்போடு நின்ற பையன், பிற்காலத்தில் தந்தையின் ஒளியியலை வாசகருக்கு விளக்க முயன்றதில் ஒரு நீதி இருக்கிறது. அன்புள்ளவர் என்று சொல்லி முடித்திருக்கலாம். தந்தை எதில் தன் வாழ்நாளைச் செலவிட்டார் என்பதைச் சொல்லாமல் அந்த அன்பைச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையிடம் காட்டிய கவலையும், முகம் தெரியாத மாலுமிகளிடம் காட்டிய கவலையும் ஒரே மனிதருடையவை.

இதை லூயி, தந்தை இறந்த பிறகு மட்டும் சொல்லவில்லை. 1882-ல், தாமஸ் உயிரோடு இருக்கும்போதே, தன் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை அவருக்குச் சமர்ப்பித்தார். சமர்ப்பண வரியில் தந்தையைச் சிவில் இன்ஜினியர் என்று குறிப்பிட்டு, உலகின் எல்லாத் திக்கிலும் உள்ள கடல் விளக்குகள் அவருடைய கருவிகளால் இன்னும் பிரகாசமாக எரிகின்றன என்று நன்றியோடு எழுதினார். நம் வீடுகளிலும் மின்வாரியத்தில், பொதுப்பணித்துறையில், ரயில்வே பணிமனையில் உழைத்த தந்தையர் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கட்டினார்கள், எது பழுதாகாமல் பார்த்துக்கொண்டார்கள், அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது பிள்ளைகள் செய்யக்கூடிய மரியாதை.